சிலம்பு காட்டும் பொறை



நான் கல்லூரியில் தமிழ் பயின்றவன் அல்லன். ஆரணிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1982-இல் அகமதாபாத்துக்கு வந்து, மணிநகரில் நம்மவர்களுக்குப் பொன்னி அரிசி விற்றுப் பிழைத்தவன். கடையில் ஆள் வராத மதிய வேளைகளில் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு படித்த படிப்புதான் என் படிப்பு. அதிலும் சிலப்பதிகாரத்தை நாட்டார் உரையோடு எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கு இல்லை. ஆகவே அறிஞர் பெருமக்கள் இக்கட்டுரையில் குறை கண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன். பொறுத்தருளுதல்தான் இக்கட்டுரையின் பொருளும் ஆகும்.

"மன்னித்தல் பற்றி ஏதாவது எழுதுங்களேன், நீங்கள்தான் வருஷா வருஷம் மன்னிப்புத் திருநாள் கொண்டாடுகிறவர் ஆயிற்றே" என்று மலர்க் குழு நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைப் பிற்பகுதியில் சொல்கிறேன்.

சொல்லும் சுமையும்

மன்னிப்பு என்று இன்று நாம் சொல்வதற்கு நம் பழைய நூல்கள் பெரிதும் ஆளும் சொல் பொறுத்தல், பொறை என்பனவாகும். திருக்குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரம் உண்டு. சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரிலும் அதே பெயரில் ஓர் அதிகாரம் உண்டு. அதற்கு முன்னால் சினமின்மை நிற்கிறது. சினத்தை விட்ட பிறகுதான் பொறை என்ற வரிசை நோக்கத்தக்கது.

பொறை என்றால் சுமை, பாரம் என்றும் பொருள். 'பொறு' என்ற அதே வேரிலிருந்துதான் பொறுப்பு என்ற சொல்லும் வருகிறது. மூட்டை தூக்குகிறவன் பாரத்தைப் பொறுக்கிறான். குடும்பத் தலைவன் பொறுப்பைச் சுமக்கிறான். தீங்கு செய்தவனைப் பொறுப்பவன் அந்தத் தீங்கின் பாரத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறான். ஆக, தமிழில் பொறுத்தல் என்பது 'போனால் போகட்டும்' என்று கைகழுவும் காரியம் அன்று. எங்கள் வியாபாரத்தில் வாராக்கடன் என்று ஒரு கணக்கு உண்டு. இனி இவன் தரமாட்டான் என்று தெரிந்ததும் பேரேட்டில் தள்ளுபடி எழுதிவிடுவோம். ஆனால் அந்த ஆள் கடைவாசலைத் தாண்டிப் போகும்போது வயிறு எரியும். தள்ளுபடி எழுதுவது வேறு, பொறுப்பது வேறு.

கவுந்தியடிகள் இட்ட சாபம்

சிலம்பில் எனக்கு நெடுநாள் முள்ளாகக் குத்திய இடம் ஒன்று உண்டு. அது நாடுகாண் காதையில் வருகிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் புறப்பட, கவுந்தியடிகள் வழித்துணையாக வருகிறார். அவர் எங்கள் சமயத்துத் துறவி. வயல் வரப்பில் நடந்தால் காலடியில் நண்டும் நத்தையும் மிதிபட்டுவிடும், அந்தத் துன்பம் நம்மால் தாங்க முடியாதது என்று அவர்களுக்கு எச்சரிக்கை சொல்கிறார். வழியில் சாரணர் ஒருவரைக் கண்டு வணங்குகிறார். வினையை நில் என்றால் நிற்காது, விதைத்தது விளைந்தே தீரும் என்று சாரணர் உபதேசிக்கிறார். இவ்வளவும் கேட்டுவிட்டு ஆற்றைக் கடந்து தென்கரையில் ஒரு சோலையில் மூவரும் அமர்கிறார்கள்.

அங்கே வீண்பேச்சுக்காரன் ஒருவனும் அவனோடு ஒரு பரத்தையும் வருகிறார்கள். இவர்கள் யார் என்று கேட்க, என் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாக வாழ்வது எந்த நூலில் உண்டு என்று அவர்கள் கேலி பேசுகிறார்கள். கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். உடனே கவுந்தி, அவர்கள் இருவரும் முள்காட்டில் நரிகளாகத் திரியட்டும் என்று சபித்துவிடுகிறார். அப்படியே ஆகிறார்கள்.

நத்தைக்கு இரங்கிய நெஞ்சம் இரண்டு மனிதர்களை நரியாக்கலாமா? இந்தக் கேள்வியை நம் சங்கத்து வாசகர் வட்டத்திலேயே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "என்ன சார், உங்க அம்மா இப்படிப் பண்ணிட்டாங்க?" என்று ஒரு நண்பர் கேட்டபோது, கவுந்தியின் தவவலிமையைக் காட்டவே கவி இப்படி அமைத்தார் என்று அன்று சமாளித்தேன். அது சரியான விடை அன்று என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். நரியின் ஊளை கேட்டதும் நடுங்குகிறவர்கள் கோவலனும் கண்ணகியும். நெறி தவறியவர்கள் தகாத சொல் சொன்னால், அது அறியாமை என்று கொள்ள வேண்டும். இவர்களுக்கு விடுதலை எப்போது என்று சொல்லி அருளுங்கள் என்று வேண்டுகிறார்கள். இகழப்பட்டவர்களே இகழ்ந்தவர்களுக்காகப் பரிந்து பேசுகிறார்கள்! கவுந்தி இறங்கி வருகிறார். உறையூர் மதிலுக்கு வெளியே காவற்காட்டில் பன்னிரண்டு மாதம் திரிந்து, பின் பழைய வடிவம் பெறட்டும் என்று சாபத்துக்கு எல்லை வைக்கிறார்.

என் கருத்து இது. துறவி வழுக்கிய இடத்தில் இல்லறத்தார் தாங்கிப் பிடித்தார்கள் என்று காட்டுவதுதான் கவியின் நோக்கம். பொறை தவத்தால் தானாக வந்துவிடுவதில்லை. எவ்வளவு உயர்ந்தவருக்கும் அதைப் பக்கத்திலிருந்து ஒருவர் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தான் சபித்ததைத் தானே குறைத்துக்கொண்டாரே, சின்னவர்கள் சொன்னதைக் கேட்டாரே, அதுதான் கவுந்தியின் பெருமை. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு இது சுலபமா? சொன்ன சொல்லை மாற்றினால் மரியாதை போய்விடும் என்று பத்து வருஷம் பேசாமல் இருக்கும் சித்தப்பாமார்களும் மாமாமார்களும் நம்மில் எத்தனை பேர்!

கல்லும் மணலும் நீரும்

ஏன் பன்னிரண்டு மாதம்? இங்கே ஒரு யூகத்தைச் சொல்ல அனுமதியுங்கள்.

எங்கள் நூல்களில் சினத்தை நான்கு தரமாகப் பிரிப்பார்கள். கல்லில் விழுந்த கோடு, மண்ணில் விழுந்த கோடு, மணலில் கீறிய கோடு, நீரில் கீறிய கோடு என்பன அவை. குஜராத்தி ஜைனர்களான சுவேதாம்பரர் மரபில் இவற்றுக்குக் கால அளவும் சொல்வதுண்டு. நீர்க்கோடு பதினைந்து நாள், மணற்கோடு நான்கு மாதம், மண்கோடு ஒரு வருஷம், கல்கோடு ஆயுள் முழுதும். அதனால்தான் பட்சத்துக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, வருஷத்துக்கு ஒருமுறை என்று பிரதிக்கிரமணம் வைத்தார்கள். வருஷ முடிவில் வருவது சம்வத்ஸரி. அன்று அக்கம்பக்கத்து வீட்டாரெல்லாம் கைகூப்பி 'மிச்சாமி துக்கடம்' சொல்வதை இங்கு வாழும் நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நான் செய்த தீமை பயனற்றுப் போகட்டும் என்பது அதன் பொருள். திகம்பரர்களாகிய எங்களுக்கு அதற்கு அடுத்துப் பத்து நாள் தசலக்ஷண பருவம். அதன் முதல் நாள் உத்தம க்ஷமை, அதாவது உயர்ந்த பொறை. பருவம் முடிந்ததும் க்ஷமாவாணி. அன்று எல்லோரிடமும் பொறுத்தருள வேண்டுவோம்.

ஒரு வருஷத்தைத் தாண்டிய கோபம் கல்கோடு ஆகிவிடும் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்கருத்து. கவுந்தி வைத்த பன்னிரண்டு மாத எல்லைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சாதிக்கவில்லை. ஆனாலும் கோபத்துக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு. கடைக்காரனுக்குத் தேதி முக்கியம். தேதி போடாத கடன் வசூலாகாது. தேதி போடாத கோபம் தீராது.

ஔவையின் மூதுரையிலும் இதே உவமை இருப்பதை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கயவர் சினம் கல் பிளந்தாற்போலக் கூடவே கூடாது. சிலர் சினம் பிளந்த பொன்போல, உருக்கினால் ஒட்டும். சான்றோர் சினம் நீரைக் கிழித்துச் சென்ற அம்பின் வடுப்போல அப்போதே மறையும். பொன் ஒட்டுவதற்கு நெருப்பில் காய்ச்ச வேண்டும் என்பதை மறக்கலாகாது.

ஒரே ஓலை, இரண்டு வேண்டுகோள்

புறஞ்சேரி இறுத்த காதையில் வேறொரு நுட்பம் உண்டு. மாதவி எழுதிய ஓலையைக் கோசிகன் வழியில் கொண்டுவந்து கோவலனிடம் தருகிறான். அடிகள் முன் விழுந்து வணங்குகிறேன், என் தெளிவற்ற சொல்லை மனத்தில் கொள்ள வேண்டும், பெற்றோருக்குப் பணி செய்வதையும் விட்டு இரவோடு இரவாக மனைவியோடு சென்றீர்களே, நான் செய்த பிழை என்ன என்று அதில் எழுதியிருக்கிறாள். படித்ததும் கோவலனுக்குக் களைப்பு நீங்குகிறது. குற்றம் அவளுடையது அன்று, என்னுடையது என்று உணர்கிறான்.

அடுத்து அவன் செய்வதுதான் அழகு. இந்த வாசகம் என் பெற்றோருக்கு நான் எழுத வேண்டியதற்கு அப்படியே பொருந்துகிறது, இதையே அவர்களிடம் சேர்த்துவிடு என்று அதே ஓலையைக் கோசிகனிடம் கொடுத்துவிடுகிறான். எங்கள் பாஷையில் சொன்னால், தன் பேருக்கு வந்த செக்கின் பின்புறம் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தமாதிரி! தன்னிடம் ஒருத்தி கேட்ட மன்னிப்பைப் படித்ததும், தான் கேட்க வேண்டிய மன்னிப்பு அவனுக்கு ஞாபகம் வந்தது. நம்மிடம் ஒருவர் பொறுத்தருளக் கேட்டால் நாம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறோம். கோவலன் தன் பழைய பாக்கியைத் தேடினான்.

குற்றத்தைச் சொல்லிப் பொறுத்தவள்

கொலைக்களக் காதையில் கோவலன் கண்ணகியிடம் தன் தவறுகளையெல்லாம் எண்ணிப் புலம்புகிறான். கண்ணகி என்ன விடை சொல்கிறாள்? பலரும் அவளை வாய் திறவாத பொறுமைசாலி என்றே மேடைகளில் பேசுகிறார்கள். நூல் அப்படிச் சொல்லவில்லை. விருந்தோம்பலும் துறவிகளை எதிர்கொள்வதும் இழந்து நின்றேன், உங்கள் பெற்றோர் முன் பொய்யாகச் சிரித்து என் துயரத்தை மறைத்தேன், பெரியோர் ஏற்காத ஒழுக்கத்தை நீங்கள் மேற்கொண்டீர்கள் என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகுதான், ஆனாலும் உங்கள் சொல்லை மறுக்காமல் உடன் எழுந்தேன் என்கிறாள்.

குற்றத்தைக் குற்றம் என்று சொல்லாமல் பொறுப்பது மழுப்பல். சொல்லிவிட்டுச் சொல்லிவிட்டுப் பொறுக்காமலே இருப்பது பழிவாங்கல். கண்ணகி இரண்டுக்கும் நடுவில் நின்றாள். அதேசமயம் அரசன் முன்னால் அவள் பொறுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டில் பொறை, அரசவையில் நீதி. பொறை பொறை என்று சொல்லி நியாயம் கேட்பவர் வாயை அடைப்பவர்களுக்குச் சிலம்பில் ஆதாரம் கிடையாது.

என் கடையில் நடந்தது

இனி என் கதை. 2001 ஜனவரி 26 பூகம்பத்தை இங்கு யாரும் மறந்திருக்க முடியாது. மணிநகரிலும் கட்டடங்கள் இடிந்தன. பத்து நாள் கழித்துக் கடையைத் திறந்து இருப்பு எடுத்தபோது ஆறு மூட்டை அரிசி குறைந்தது. கடையில் என் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான்; பத்தொன்பது வயது. சாவி அவனிடமும் ஒன்று இருந்தது. நான் விசாரிக்கவில்லை. நாலு பேர் முன்னால் திருடன் என்று சொல்லி, அந்த மாதச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிட்டேன். "நான் எடுக்கலை முதலாளி" என்று மட்டும் சொன்னான். அழவில்லை.

2003-இல் என் அண்ணன் காலமானார். அவர் பெட்டியை ஒழித்தபோது ஒரு சிட்டை கிடைத்தது. பூகம்பத்துக்கு மறுநாள் தெருவில் நடந்த கஞ்சித் தொட்டிக்கு ஆறு மூட்டை அனுப்பியதாக அவர் கையெழுத்தில் இருந்தது. என்னிடம் சொல்ல மறந்திருக்கிறார். அந்த நாட்களில் எல்லோருக்கும் எல்லாம் மறந்துதானே போயிற்று.

சிட்டையை மடித்துக் கல்லாப்பெட்டியில் வைத்தேன். பதினொரு வருஷம் அங்கேயே இருந்தது. அந்தப் பதினொரு வருஷமும் க்ஷமாவாணி அன்று கோயிலில் கைகூப்பி எல்லா ஜீவராசிகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். தெரிந்தவர், தெரியாதவர், எறும்பு, ஈ எல்லாம் அதில் அடக்கம். கேட்க வேண்டிய ஒருவனிடம் கேட்கவில்லை. இன்று கைப்பேசியில் ஒரே செய்தியை நானூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அன்று எனக்குக் கைப்பேசி தேவைப்படவில்லை, வாயாலேயே அந்த வேலையைச் செய்தேன். எல்லோரிடமும் கேட்பது, ஒருவரிடமும் கேட்காமல் இருப்பதற்கு நல்ல வழி.

2014-இல் வாசகர் வட்டத்தில் பாண்டியன் பற்றிப் பேசும் முறை எனக்கு வந்தது. மனைவியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்றவன் அவன். 'விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன அரசன்' என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது. உண்மை தெரிந்த கணத்தில் தானே திருடன் என்று சபை நடுவில் ஒப்புக்கொண்டு உயிரையே விட்டான் அவன். நானோ சிட்டையைக் கல்லாவில் வைத்துக்கொண்டு பதினொரு வருஷம் அரிசி விற்றிருக்கிறேன். அன்று வாசகர் வட்டத்துக்கு நான் போகவில்லை.

அடுத்த மாதமே ஊருக்குப் போனேன். பிடித்துவைத்த சம்பளத்தையும், என் கணக்கில் அதற்கு வட்டியையும் ஒரு கவரில் எடுத்துக்கொண்டேன். அவன் ஆரணியில் சிறியதாக ஒரு டிபன் கடை வைத்திருந்தான். சாயங்காலம். சிட்டையை நீட்டி, "தம்பி, தப்பு என்மேலதான். பொறுத்துக்கணும்" என்றேன். கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். நாலு பேர் முன்னால்தானே திருடன் என்றேன்.

அவன் சிட்டையைப் படித்தான். பெரியவர் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டான். "நீங்க செஞ்சது தப்புதான் முதலாளி. எங்கம்மா சாகிற வரைக்கும் ஊர்ல தலைகுனிஞ்சுதான் நடந்தாங்க" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. கவரை வாங்கிக்கொண்டான், எண்ணிப் பார்த்து, வட்டியைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு வாசல் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "சூரியன் இறங்கறதுக்குள்ள ரெண்டு இட்லி சாப்பிட்டுடுங்க. அப்புறம் நீங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களே" என்று இலை போட்டான்.

பதின்மூன்று வருஷம் கழித்தும் என் விரதத்தை ஞாபகம் வைத்திருந்தான். அவன் தாயார் நடந்த தலைகுனிவை எந்தக் கவராலும் திருப்பித் தர முடியாது. சாரணர் சொன்னது இதுதான்: விதைத்தது விளைந்தே தீரும். எங்கள் சமயத்தில் வினையை மன்னித்துத் துடைக்கும் கடவுள் இல்லை. பொறுத்தல் பழைய பாரத்தை இல்லாமல் செய்வதில்லை; புதிய பாரம் ஏறாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அவன் அந்த இட்லியோடு தன் பங்கை இறக்கி வைத்தான். என் பங்கு என்னிடம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

கோபுரத்தின் உச்சி

சிலம்பின் கடைசியில், வாழ்த்துக் காதையில், தெய்வமாகிவிட்ட கண்ணகி செங்குட்டுவன் முன் தோன்றுகிறாள். மதுரையை எரித்தவள் வாயில் என்ன சொல் வரப்போகிறது என்று காத்திருக்கிறோம். பாண்டியன்மேல் குற்றம் இல்லை, அவன் வானுலகில் இந்திரன் மாளிகைக்கு விருந்தினன் ஆகிவிட்டான், நான் அவனுக்கு மகள் என்கிறாள். தன் கணவனைக் கொன்றவனை அப்பா என்று சொல்லுகிறாள்! ஊழ்வினை, கற்பு, அரசியல் அறம் என்று இந்நூலுக்கு மூன்று நோக்கங்களைச் சொல்வது வழக்கம். இந்த இடத்தையும் சேர்த்துப் படித்தால் பொறை என்ற நான்காவது இழை தொடக்கம் முதல் முடிவு வரை ஓடுவது தெரியும். நரியானவர்களுக்காகப் பரிந்த பெண்தான் முடிவில் அரசனையும் பொறுக்கிறாள்.

ஆனால் அந்தச் சொல் எப்போது வந்தது? பாண்டியன் தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட பிறகு. அவன் அன்று மௌனமாக இருந்திருந்தால் கண்ணகிக்கு இந்தச் சொல் வந்திருக்குமா என்பது சந்தேகமே. மன்னிப்பவருக்கும் வழி திறந்துவிட வேண்டியது தவறு செய்தவனுடைய கடமை. அந்தக் கடமையில் நான் பதினொரு வருஷம் பாக்கி வைத்திருந்தேன்.

அன்பர்களே, மாநிலம் விட்டு வந்த நமக்கு உறவு குறைவு, ஊரும் தூரம். ஒரு வார்த்தை முறிந்தால் ஒட்டவைக்கப் பக்கத்தில் பெரியவர்கள் இல்லை. ஆகவே இம்மலரை மூடி வைக்கும் முன் உங்கள் கல்லாப்பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஏதாவது சிட்டை மடித்துக் கிடந்தால், தேதி தாண்டுவதற்குள் உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் சூரியன் இறங்குவதற்குள்.